10-ம் வகுப்பு கணக்கில் கோட்டை விட்டவரா? காசு செலவில்லாமல் படித்து பாஸ் ஆக வழி இருக்கு!

உத்திரமேரூர்:-

காஞ்சீபுரம் மாவட்டம் உத்திரமேரூர், சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர் பக்கத்து கிராமங்களில் இருந்து தினமும் விடியற்காலையிலேயே கம்பெனி பஸ் ஏறி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்கு போகிறவர்கள் ஏராளம். அதே ஊர்களில் பஸ் ஏற முடியாமல் வீட்டில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். பலருக்கு தடையாக நிற்பது ஒரே ஒரு பேப்பர். அதுதான் 10-ம் வகுப்பு கணக்கு.

தமிழ், ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் பாஸ். கணக்கில் மட்டும் 20, 25 என்று மார்க் வாங்கி படிப்பை விட்டவர்கள் ஒருபக்கம். 9-ம் வகுப்போடு நின்று போய் கல்யாணம், குழந்தை என்று ஆகிவிட்ட பெண்கள் இன்னொரு பக்கம். 'இனிமே நமக்கு எங்க கணக்கு வரப்போகுது' என்று இவர்கள் ஒதுங்கி விடுகிறார்கள். டியூசன், டுடோரியல் என்று போனால் ஆயிரக்கணக்கில் செலவாகுமே என்ற பயம் வேறு.

ஆனால் 10-ம் வகுப்பு கணக்கு படிக்க தேவையான எல்லாமே இன்றைக்கு இலவசமாக கிடைக்கிறது. புத்தகம், வீடியோ பாடம், பழைய கேள்வித்தாள் எதற்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. எங்கே கிடைக்கும், எதை முதலில் படிக்க வேண்டும், எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்ற 3 விஷயங்கள் தெரிந்தால் போதும். அதன் விவரம் வருமாறு:-

ஒரு பேப்பரில் என்ன இருக்கு?

10-ம் வகுப்பு பாஸ் என்பது வெறும் சர்டிபிகேட் அல்ல. டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4 தேர்வு எழுத குறைந்தபட்ச தகுதியே அதுதான். ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு 8-ம் வகுப்பு போதும். ஆனால் பிட்டர், எலக்ட்ரீசியன் படிக்க 10-ம் வகுப்பு பாஸ் ஆகி இருக்க வேண்டும். பாலிடெக்னிக் டிப்ளமோவுக்கும் அதே கதைதான்.

தபால் துறையில் கிராமங்களில் வேலை பார்க்கும் கிராமின் டாக் சேவக் பணிக்கு எழுத்து தேர்வு கிடையாது. 10-ம் வகுப்பு மார்க்கை வைத்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். அதிலும் கணக்கு, ஆங்கிலம் இரண்டிலும் கண்டிப்பாக தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. மற்ற பாடங்களில் எவ்வளவு மார்க் இருந்தாலும் கணக்கில் பெயில் என்றால் மனு போடவே முடியாது.

வெளிநாடு போகிறவர்களுக்கும் இது முக்கியம். 10-ம் வகுப்பு பாஸ் ஆகாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக 'குடியேற்ற அனுமதி தேவை' என்ற பிரிவு வரும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்கு போகும்போது இவர்கள் தனியாக அனுமதி வாங்க வேண்டும். 10-ம் வகுப்பு சர்டிபிகேட் காட்டினால் அந்த அலைச்சல் இல்லை.

யார் எழுதலாம்?

தமிழ்நாட்டில் 10-ம் வகுப்பு பொதுத்தேர்வை நடத்துவது அரசு தேர்வுகள் இயக்ககம். பள்ளிக்கு போகாமல் எழுதுகிறவர்களை 'தனித்தேர்வர்' என்கிறார்கள். இவர்களில் 2 வகை உண்டு.

முதல் வகை, ஏற்கனவே தேர்வு எழுதி சில பாடங்களில் தோற்றவர்கள். இவர்கள் தோற்ற பாடத்தை மட்டும் எழுதினால் போதும். பாஸ் ஆன பாடங்களை மறுபடி எழுத வேண்டியதில்லை. ரொம்ப பழைய மார்க் ஷீட் வைத்திருப்பவர்கள் மட்டும் அதை சேவை மையத்தில் காட்டி, எந்தெந்த பாடம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது வகை, முதல் தடவையாக எல்லா பாடங்களையும் எழுதும் நேரடி தனித்தேர்வர். இவர்களுக்கு பதினாலரை வயது முடிந்திருக்க வேண்டும். மேல் வயது வரம்பு இல்லை. அம்மாவும் மகளும் ஒரே வருஷம் தேர்வு எழுதினாலும் யாரும் தடுக்க முடியாது. 8-ம் வகுப்பே முடிக்காதவர்களுக்கு 8-ம் வகுப்பு தனித்தேர்வு தனியாக நடக்கிறது. அதை முதலில் எழுதி விட்டு 10-க்கு வரலாம்.

நேரடி தனித்தேர்வர்கள் ஒரு விஷயத்தில் ஏமாந்து விடக்கூடாது. அறிவியல் பாடத்துக்கு செய்முறை பயிற்சி வகுப்பு உண்டு. அதற்கு தேர்வுக்கு பல மாதம் முன்பே பெயர் பதிய வேண்டும். பயிற்சி வகுப்புக்கு 80 சதவீதம் வருகை இருந்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். கணக்கை நன்றாக படித்து வைத்து விட்டு, இந்த பதிவை தவறவிட்டு ஒரு வருஷத்தை இழந்தவர்களும் உண்டு.

எந்த புத்தகம்?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அக்கா படித்த புத்தகம், மாமா வைத்திருந்த கைடு என்று கிடைத்ததை எடுத்து படிக்க ஆரம்பிக்கிறார்கள். 2011-12-ல் 10-ம் வகுப்புக்கு சமச்சீர் பாடத்திட்டம் வந்தது. பிறகு 2019-20-ல் அதுவும் மாறி புதிய புத்தகம் வந்தது. பல வருஷத்துக்கு முன்பு பெயில் ஆனவர்கள் இப்போது இந்த புதிய பாடத்தைத்தான் படிக்க வேண்டும்.

இந்த புத்தகத்தில் 8 பாடங்கள் இருக்கின்றன. உறவுகளும் சார்புகளும், எண்களும் தொடர்வரிசைகளும், இயற்கணிதம், வடிவியல், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், அளவியல், புள்ளியியலும் நிகழ்தகவும் என்பவையே அவை. கையில் இருக்கும் புத்தகத்தில் இந்த தலைப்புகள், இந்த வரிசையில் இருந்தால் அது சரியான புத்தகம். இல்லாவிட்டால் எடைக்கு போட்டு விடலாம்.

புத்தகத்தை காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதில்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் வெப்சைட்டில் எல்லா வகுப்பு புத்தகமும் இலவசமாக இருக்கிறது. தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் உண்டு. செல்போனில் ஒருதடவை டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டால் அப்புறம் நெட் இல்லாமலே படிக்கலாம்.

அதை விட சுலபமான வழியும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அரசு பள்ளி மாணவர்களுக்கு அரசு இலவசமாகத்தான் புத்தகம் கொடுக்கிறது. போன வருஷம் 10-ம் வகுப்பு முடித்த பையனோ, பெண்ணோ தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். ரிசல்ட் வந்த பிறகு அந்த புத்தகம் பரணில்தான் கிடக்கும். 'தம்பி, உன் கணக்கு புக்கை குடேன்' என்று கேட்டால் கொடுக்காமல் போக மாட்டார்கள். கூடவே நோட்டையும் சேர்த்து கேட்டு வாங்கினால் இன்னும் லாபம். வாத்தியார் போட்ட கணக்கு, ஸ்டெப்போடு அதில் இருக்கும்.

செல்போனே வாத்தியார்

புத்தகத்தை திறந்தால் புரியவில்லை என்பவர்களுக்கு வீடியோ பாடங்கள் இருக்கின்றன. புத்தகத்தில் பாடத்துக்கு பாடம் சிறிய கட்டம் போட்ட கியூ.ஆர்.கோடு அச்சடித்திருப்பார்கள். 'திக்‌ஷா' என்ற ஆப் மூலம் அதை ஸ்கேன் செய்தால் அந்த பாடம் பற்றிய விளக்கம் செல்போனில் வரும்.

தமிழக அரசின் கல்வி தொலைக்காட்சி 2019-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி தொடங்கப்பட்டது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது ஆசிரியர்களை வைத்து பாடங்களை படம் பிடித்து அதில் ஒளிபரப்பினார்கள். அந்த பாடங்களை யூ-டியூப்பில் பார்க்கலாம். பள்ளிக்கல்வி துறை 2023-ல் 'மணற்கேணி' என்ற ஆப்பையும் கொண்டு வந்தது. பாடத்தை சின்ன சின்ன துண்டாக பிரித்து படம் போட்டு விளக்குவது இதன் சிறப்பு. பள்ளி மாணவர் மட்டும் அல்ல, யார் வேண்டுமானாலும் இதை பார்க்கலாம்.

யூ-டியூப்பில் தனியார் ஆசிரியர்கள் போடும் கணக்கு வீடியோக்களும் கொட்டிக் கிடக்கின்றன. பார்க்கும் முன்பு ஒன்றை கவனிக்க வேண்டும். வீடியோ 2019-க்கு முன்பு போட்டதாக இருந்தால் அது பழைய புத்தகத்துக்கானது. பயிற்சி எண், கணக்கு எண் இரண்டும் நம் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே உட்கார வேண்டும்.

இன்னொரு விஷயம். வீடியோ பார்ப்பது படிப்பது ஆகாது. வாத்தியார் போடும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். வீடியோவை நிறுத்தி விட்டு அதே கணக்கை வெறும் தாளில் தானாக போட்டுப் பார்த்தால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

கேள்வித்தாள் எப்படி இருக்கும்?

கணக்கு தேர்வு 100 மார்க்குக்கு நடக்கிறது. பாஸ் ஆக 35 எடுத்தால் போதும். எழுத 3 மணி நேரம். அதற்கு முன்பு கேள்வித்தாளை படிக்கவும், விவரங்களை சரிபார்க்கவும் 15 நிமிடம் தருவார்கள்.

முதல் பகுதியில் 14 ஒரு மார்க் கேள்விகள். நான்கு விடையில் ஒன்றை தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். இரண்டாம் பகுதியில் 2 மார்க் கேள்வி 14 இருக்கும், 10 எழுதினால் போதும். மூன்றாம் பகுதியில் 5 மார்க் கேள்வி 14 இருக்கும், அதிலும் 10 எழுத வேண்டும். இந்த இரண்டு பகுதியிலும் கடைசி கேள்வி மட்டும் கட்டாய கேள்வி. நான்காம் பகுதியில் 8 மார்க்கில் 2 கேள்வி. ஒன்று வடிவியல் வரைவது, இன்னொன்று வரைபடம், அதாவது கிராப். ஒவ்வொன்றிலும் 'அல்லது' போட்டு இன்னொரு கேள்வி கொடுத்திருப்பார்கள்.

இந்த கணக்கை புரிந்து கொண்டாலே பாதி பயம் போய்விடும். வரைகிற 2 கேள்விக்கு மட்டும் 16 மார்க். ஒரு மார்க் கேள்வியில் 8 சரியாக எழுதினால் 24 ஆச்சு. 2 மார்க்கில் 4 கேள்வி சரியாக போட்டால் 32. 5 மார்க்கில் ஒரே ஒரு கணக்கு முழுசாக போட்டால் 37. பாஸ்!

100-க்கு 100 எடுக்கிறவர் படிக்கும் முறை வேறு. பாஸ் ஆக வேண்டியவர் படிக்கும் முறை வேறு. முதல் பாடத்தின் முதல் பக்கத்தில் ஆரம்பித்து மூன்றாம் பாடத்தில் சோர்ந்து விழுவதுதான் பலருக்கும் நடக்கிறது. அவர்கள் பின்னால் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வரைந்தால் 16 மார்க்

வடிவியலில் மூன்று மாதிரி கேள்விதான் மாறி மாறி வரும். வடிவொத்த முக்கோணம் வரைவது, குறிப்பிட்ட அளவில் முக்கோணம் அமைப்பது, வட்டத்துக்கு தொடுகோடு வரைவது. இதில் மனப்பாடம் கம்மி, கை பழக்கம்தான் அதிகம்.

உதாரணத்துக்கு வடிவொத்த முக்கோணத்தை எடுத்துக்கொள்ளலாம். 3/5 என்று கொடுத்தால் வரும் முக்கோணம் சின்னது. 7/4 என்று கொடுத்தால் பெரியது. சாய்வாக ஒரு கோடு போட்டு, இரண்டு எண்ணில் எது பெரிதோ அத்தனை சம புள்ளி வைக்க வேண்டும். 3/5 என்றால் 5 புள்ளி. 5-வது புள்ளியை அடிக்கோட்டின் முனையோடு சேர்த்து விட்டு, 3-வது புள்ளியில் இருந்து அதற்கு இணையாக ஒரு கோடு போட வேண்டும். இதே முறைதான் எல்லா எண்ணுக்கும்.

தொடுகோட்டில் விடை சரியா என்று தேர்வறையிலேயே பார்த்துக் கொள்ளலாம். 3 செ.மீ. ஆரமுள்ள வட்டம், மையத்தில் இருந்து 5 செ.மீ. தூரத்தில் புள்ளி என்று வைத்துக்கொள்வோம். 5-ஐ 5-ஆல் பெருக்கினால் 25, 3-ஐ 3-ஆல் பெருக்கினால் 9. கழித்தால் 16. அதன் வர்க்கமூலம் 4. ஸ்கேல் வைத்து அளந்தால் தொடுகோடு 4 செ.மீ. வர வேண்டும். வந்தால் தைரியமாக அடுத்த கேள்விக்கு போகலாம்.

கிராப்பும் அப்படித்தான். 8 பேர் நடவு நட்டால் 6 நாளில் முடியும் வேலை, 12 பேர் நட்டால் எத்தனை நாளில் முடியும்? வயலுக்கு போகிற யாரும் இதை வாயாலேயே சொல்வார்கள். 8-ஐ 6-ஆல் பெருக்கினால் 48. 48-ஐ 12-ஆல் வகுத்தால் 4 நாள். இதைத்தான் புத்தகத்தில் 'எதிர் மாறுபாடு' என்கிறார்கள். 2 பேருக்கு 24 நாள், 4 பேருக்கு 12 நாள், 6 பேருக்கு 8 நாள் என்று அட்டவணை போட்டு, கிராப் தாளில் புள்ளி வைத்து, வளைகோடாக சேர்த்தால் வேலை முடிந்தது. அளவுத்திட்டம் எழுதுவதையும், அச்சுகளுக்கு பெயர் போடுவதையும் மறந்தால் அதற்கு மார்க் போய்விடும்.

இதற்கு தேவை ஒரு ஜாமெட்ரி பாக்ஸ், கூர் சீவிய பென்சில், கொஞ்சம் கிராப் தாள். தினமும் ஒரு படம் வீதம் 30 நாள் வரைந்தால் 16 மார்க் கையில் வந்த மாதிரிதான்.

புத்தகத்தின் பின்பக்கம்

ஒரு மார்க் கேள்விகளில் பெரும்பாலானவை ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் உள்ள பலவுள் தெரிவு வினாக்களில் இருந்துதான் வருகின்றன. 8 பாடத்துக்கும் சேர்த்து நூற்றுச் சொச்சம் கேள்வி. தினமும் 5 கேள்வி என்று வைத்தால் ஒரு மாதத்துக்குள் ஒரு சுற்று முடிந்து விடும். விடை எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்யாமல், ஏன் அந்த விடை என்று ஒரு வரி எழுதிப் பார்த்தால் 2 மார்க் கேள்விக்கும் அது உதவும்.

2 மார்க்கில் சுலபமானவை உண்டு. ஒருவரிடம் 3 சட்டையும், 2 பேண்டும் இருந்தால் 6 விதமாக போட்டுக்கொள்ளலாம். முதல் பாடத்தில் வரும் 'கார்ட்டீசியன் பெருக்கல்' இதுதான். 5 நாள் வெயில் 36, 41, 38, 33, 40 டிகிரி என்றால், அதிகத்தில் இருந்து குறைவை கழித்தால் 8. இதற்கு 'வீச்சு' என்று பெயர். அதே 8-ஐ, 41-ம் 33-ம் கூட்டி வரும் 74-ஆல் வகுத்தால் 'வீச்சுக்கெழு'. சூத்திரம் தெரிந்தால் 2 நிமிட வேலை.

5 மார்க்கில் தொடர்வரிசை கணக்கு வீட்டு பெண்களுக்கு சொல்லித்தரவே வேண்டாம். முதல் மாதம் 500 ரூபாய், அப்புறம் மாதம் 50 ரூபாய் கூட்டி சேமித்தால், 12-வது மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்? 500-உடன் 11 தடவை 50 சேர்த்தால் 1,050. வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு? முதல் மாதத்தையும் கடைசி மாதத்தையும் கூட்டினால் 1,550. அதை 12-ல் பாதியான 6-ஆல் பெருக்கினால் 9,300 ரூபாய். சுய உதவிக்குழு நோட்டு எழுதுகிறவர்கள் இதைத்தான் வேறு பெயரில் செய்கிறார்கள்.

அளவியலிலும் அதே கதை. 35 செ.மீ. ஆரம், 1 மீட்டர் உயரம் உள்ள தண்ணீர் டிரம் எத்தனை லிட்டர் பிடிக்கும்? 22/7-ஐ 35-ஆல் இரண்டு தடவை பெருக்கி, உயரம் 100-ஆல் பெருக்கினால் 3 லட்சத்து 85 ஆயிரம் கன செ.மீ. ஆயிரம் கன செ.மீ. ஒரு லிட்டர் என்பதால் 385 லிட்டர்.

குடவோலையும் கணக்குதான்

உத்திரமேரூர் என்றாலே எல்லோருக்கும் நினைவு வருவது குடவோலை கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி.919 மற்றும் 921-ல் ஊர்ச்சபை தேர்தலுக்கு எழுதப்பட்ட விதிகள் வைகுந்த பெருமாள் கோவில் சுவரில் இன்றும் இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாக பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளை குடத்தில் போட்டு குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள்.

கடைசி பாடத்தில் வரும் 'நிகழ்தகவு' இதே விஷயம்தான். ஒரு குடத்தில் 10 பேர் ஓலை இருந்தால் ஒருவர் பெயர் வர வாய்ப்பு பத்தில் ஒன்று. இரண்டு பகடையை உருட்டினால் கூட்டுத்தொகை 7 வர வாய்ப்பு எவ்வளவு? மொத்தம் 36 விதமாக விழலாம். அதில் 7 வருவது 6 விதம். ஆகவே ஆறில் ஒன்று. ஊர் கோவில் சுவரில் இருக்கும் கணக்குக்கு ஊர்க்காரர்கள் பயப்படுவதில் அர்த்தம் இல்லை.

அந்த கல்வெட்டு சபைக்கு நிற்க வயது 35 ஆகி இருக்க வேண்டும் என்கிறது. அதோடு சொத்து, படிப்பு தகுதியும் கேட்டது. இன்றைக்கு வேலைக்கு நிற்க 35 மார்க் கேட்கிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

பழைய கேள்வித்தாள்

பாடத்தை ஓரளவு முடித்த பிறகு பழைய கேள்வித்தாள்களை எடுத்து, கடிகாரம் வைத்து 3 மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். இதிலும் வருஷம் பார்த்து எடுக்க வேண்டும். 2019 வரை நடந்த தேர்வுகளில் கேள்வி முறையே வேறு. அப்போது 15 ஒரு மார்க், 10 மார்க்கில் 2 கேள்வி என்று இருந்தது. கொரோனாவால் 2020, 2021-ல் பள்ளி மாணவர்களுக்கு தேர்வு நடக்காமல் எல்லோரும் பாஸ் போடப்பட்டனர். 2022 தேர்வு குறைக்கப்பட்ட பாடத்தில் நடந்தது. ஆகவே 2023-ல் இருந்து வந்த கேள்வித்தாள்கள்தான் சரியான வழிகாட்டி.

மெதுவாக படிக்கும் மாணவர்களுக்காக அரசு பள்ளி ஆசிரியர்கள் தயாரிக்கும் சிறு கையேடுகளும் உண்டு. பாஸ் ஆக தேவையான கணக்கை மட்டும் பொறுக்கி எடுத்து போட்டிருப்பார்கள். பக்கத்து அரசு பள்ளியில் கணக்கு ஆசிரியரிடம் நேரில் போய் கேட்டால் வழி காட்டுவார்கள். இந்த வருஷம்தான் பெயில் ஆன அரசு பள்ளி மாணவர்கள், துணைத்தேர்வுக்கு சிறப்பு வகுப்பு எப்போது என்று தங்கள் பள்ளியிலேயே விசாரிக்க வேண்டும்.

வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் இல்லாதவர்களுக்கு அரசு பொது நூலகம் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து படிக்க காசு கிடையாது. படிப்பு, தேர்வு சம்பந்தமான சந்தேகங்களுக்கு பள்ளிக்கல்வி துறையின் 14417 என்ற எண்ணுக்கு போன் செய்து கேட்கலாம்.

தேதியை தவற விடாதீர்கள்

வருஷத்துக்கு 2 வாய்ப்பு உண்டு. ஒன்று மார்ச், ஏப்ரல் மாதத்தில் நடக்கும் பொதுத்தேர்வு. இன்னொன்று ரிசல்ட் வந்த பிறகு ஜூன், ஜூலையில் நடக்கும் துணைத்தேர்வு. பொதுத்தேர்வுக்கான விண்ணப்ப தேதியை சில மாதம் முன்பே அறிவித்து விடுவார்கள்.

தனித்தேர்வர்கள் அரசு தேர்வுகள் சேவை மையத்துக்கு நேரில் போய் விண்ணப்பிக்க வேண்டும். மாவட்டத்தில் எந்தெந்த இடத்தில் சேவை மையம் இருக்கிறது என்ற பட்டியல் தேர்வுகள் இயக்ககத்தின் வெப்சைட்டில் அறிவிப்போடு சேர்ந்தே வரும். பழைய மார்க் ஷீட், பள்ளி மாற்று சான்றிதழ், ஆதார் கார்டு, போட்டோ ஆகியவற்றை எடுத்துப் போவது நல்லது. கட்டணத்தையும் அங்கேயே கட்டி, ஒப்புகை சீட்டை பத்திரமாக வைக்க வேண்டும். ஹால் டிக்கெட் எடுக்க அதில் இருக்கும் எண்தான் தேவை. தேதியை தவற விட்டவர்களுக்கு 'தட்கல்' முறை உண்டு. ஆனால் அதற்கு கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். காசு செலவில்லாமல் படித்து விட்டு கடைசியில் இதற்கு தண்டம் கட்டுவானேன்?

ரிசல்ட்டில் 33, 34 என்று வந்தால் மனசு உடைய வேண்டாம். மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்க அவகாசம் தருகிறார்கள். கூட்டலில் தவறு இருந்தால் சரி செய்வார்கள்.

கணக்கே இல்லாமல் பாஸ் ஆகலாமா?

இன்னொரு வழியும் இருக்கிறது. மத்திய அரசின் கீழ் 1989-ல் தொடங்கப்பட்ட தேசிய திறந்தநிலை பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ். இதில் 10-ம் வகுப்புக்கு 5 பாடம் எடுத்தால் போதும். கணக்கு கட்டாயம் இல்லை. ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவீதம் எடுத்தால் பாஸ். 5 வருஷத்துக்குள் 9 தடவை வரை எழுதலாம். பாட புத்தகங்கள் அதன் வெப்சைட்டில் இலவசமாக உள்ளன.

ஆனால் இதை எடுக்கும் முன்பு யோசிக்க வேண்டும். கணக்கை விட்டு விட்டு பாஸ் ஆனால், கணக்கு கேட்கும் தபால் துறை போன்ற வேலைக்கு மறுபடி கதவு மூடிக்கொள்ளும். குரூப்-4 தேர்விலும் 25 கேள்வி கணக்கில் இருந்துதான் வருகிறது. இப்போது ஓடினாலும் கணக்கு பின்னாலேயே வரும். எந்த வேலைக்காக படிக்கிறோமோ, அந்த வேலைக்கு எந்த சர்டிபிகேட் செல்லும் என்று விசாரித்த பிறகே சேர வேண்டும்.

'படிக்காமலே 10-ம் வகுப்பு பாஸ், ஒரே வாரத்தில் சர்டிபிகேட்' என்று பஸ் நிலைய சுவர்களில் ஒட்டும் நோட்டீசை நம்பி பணத்தை கொடுப்பது இதை விட ஆபத்து. அங்கீகாரம் இல்லாத சர்டிபிகேட்டை வேலைக்கு சேர்ந்த பிறகு சரிபார்த்தாலும் வேலை போய்விடும், கேசும் வரும்.

தினமும் ஒரு மணி நேரம்

3 மாதம் இருந்தால் முதல் மாதம் முழுக்க வடிவியல், கிராப் மற்றும் ஒரு மார்க் கேள்வி. இரண்டாவது மாதம் தொடர்வரிசை, அளவியல், புள்ளியியல், நிகழ்தகவில் 2 மார்க், 5 மார்க் கணக்கு. மூன்றாவது மாதம் வாரம் 2 பழைய கேள்வித்தாள். தினமும் ஒரு மணி நேரம், கம்பெனி ஷிப்டு முடிந்தோ, சமையல் முடிந்தோ உட்கார்ந்தால் போதும்.

2025-ம் ஆண்டு பொதுத்தேர்வில் தமிழகத்தில் 93.80 சதவீதம் பேர் பாஸ் ஆனார்கள். மீதி உள்ளவர்களும், அதற்கு முந்தைய வருஷங்களில் நின்றவர்களும்தான் தேர்வுக்கு திரும்பி வராமல் இருக்கிறார்கள். இவர்கள் முதலில் செய்ய வேண்டியது, பழைய மார்க் ஷீட்டை பெட்டியில் இருந்து எடுத்து எந்த பாடம் பாக்கி என்று பார்ப்பதுதான். அடுத்து பக்கத்து வீட்டு பிள்ளையிடம் கணக்கு புத்தகத்தை வாங்கி, இன்றைக்கு ராத்திரியே ஒரு முக்கோணத்தை வரைந்து பார்க்கலாம்.